மத்தளம் நின்றால் போர் நிற்கும்



கொஞ்சம் நீண்ட பதிவு. சண்டிலிப்பாய், மானிப்பாய், சங்கானை, பண்டத்தரிப்புப் பக்கத்துப் பெற்றோர் நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள். போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றிய பதிவுதான். ஆனால் திட்டுவதற்காக எழுதவில்லை.

போன தவணை பெற்றோர் கூட்டத்தில் ஒரே முறைப்பாடு. "சேர், விடிய விடிய கேம். காதில ஹெட்போன். வாளும் மந்திரமும் பேயுமாய் ஒரே சண்டை. நீங்கள் சொன்னால்தான் கேட்பான்." ஆசிரியர்களாகிய நாங்களும் தலையாட்டினோம். அடுத்த நாள் ஒன்பதாம் தர வரலாற்றுப் பாடத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி அறிவுரை சொன்னோம். சண்டையைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போகும், நித்திரை கெடும், படிப்புக் கெடும் என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்தோம்.

பின் வாங்கில் இருந்து ஒரு தம்பி எழும்பினான். "சேர், அது சும்மா சண்டை இல்லை. பாட்டைக் கேட்டாத்தான் விளையாடலாம். எங்கட கோயில்ல சூரன் தலை மாத்தேக்க மேளம் மாறுது தானே? இதுவும் அப்பிடித்தான்."

வகுப்பு சிரித்தது. நாங்கள் அவனை இருக்கச் சொன்னோம். ஆனால் அன்று பின்னேரம் மானிப்பாய் வழியாக வீடு திரும்பும்போது அவன் சொன்னதே மனதில் ஓடியது. சண்டைக்குப் பின்னால் பாட்டு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவனோ பாட்டுக்குள்தான் சண்டை நடக்கிறது என்கிறான். அடுத்த நாள் அவனிடமே கேட்டு, அவன் விளையாடும் கேம்களின் பெயர்களை எழுதிக்கொண்டோம். பிறகு பல இரவுகள் நாங்களும் காதில் ஹெட்போன் மாட்டினோம். அந்த இரவுகளில் அறிந்ததும், நமது மண்ணில் ஏற்கெனவே இருப்பதும்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்தக் கேம்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு அச்சாகி வந்தது. கணினி இல்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருந்து, ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று வேடம் பிரித்துக்கொண்டு, காய் உருட்டிக் கதை வளர்ப்பார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் வேடம் ஏற்று விளையாடும் கேம்கள். 1981இல் 'அல்டிமா', 'விசார்ட்ரி' என்று கணினிக்கு வந்தது. ஜப்பானியர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1986இல் 'டிராகன் குவெஸ்ட்', 1987இல் 'பைனல் பன்டசி'. முதலாவதற்கு இசை கொய்ச்சி சுகியாமா. இரண்டாவதற்கு நொபுவோ உவெமட்சு. உவெமட்சு இசையைத் தானாகவே கற்றுக்கொண்டவர்.

அந்தக் காலத்து பமிக்கொம் பெட்டியில் மூன்று சுரத் தடங்கள், ஓர் இரைச்சல் தடம், சின்ன ஒலித்துண்டுகளுக்கு இன்னொரு தடம். அவ்வளவுதான். அதற்குள் ஒரு உலகத்தையே கேட்கச் செய்ய வேண்டும். எனவே அவர்கள் ஒரு ஒழுங்கு செய்தார்கள். ஊருக்குள் நடந்தால் ஒரு மெட்டு. வெளியில் காடு மலை என்று போனால் இன்னொரு மெட்டு. திடீரென்று எதிரி வந்தால் அந்த மெட்டு அறுந்து, வேகமான போர் மெட்டு தொடங்கும். இரு பக்கமும் எதிர் எதிரே நிற்கும். நீ ஒரு அடி, அவன் ஒரு அடி. வென்றால் சின்ன வெற்றி மெட்டு. பிறகு பழையபடி காட்டு மெட்டு.

இது எங்கோ கேட்டது போல் இருக்கிறதா? இருக்க வேண்டும். இது கூத்து.

வடமோடிக் கூத்தைப் பார்த்தவர்கள் நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் இன்றும் ஆடுகிறார்கள். வட்டமான களரி. ஒரு பக்கத்தில் மத்தளத்துடன் அண்ணாவியார், கூடவே சல்லரித் தாளம், பிற்பாட்டுக்காரர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் தாளக்கட்டு. அரசன் வரவுக்கு ஒன்று, வேறு ஆளுக்கு வேறொன்று. கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் மத்தளத்தைக் கேட்டால் களரிக்குள் யார் வருகிறார் என்று ஊர்க் கிழவிக்குத் தெரியும். போர் வந்தால் இருவரும் எதிர் எதிரே நிற்பார்கள். ஒருவர் தன் வீரத்தைப் பாடுவார். பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். மத்தளம் முழங்க அவர் ஆடுவார். பிறகு மற்றவர் முறை. மாறி மாறிப் போகப் போகத் தாளம் ஏறும். கடைசியில் வில்லும் வாளும் ஏந்திய ஆட்டம்.

நீ ஒரு அடி, அவன் ஒரு அடி என்று ஜப்பானியர் திரையில் கொண்டுவந்த முறை வேறு வழியில் வந்ததுதான். காய் உருட்டும் மேசையிலிருந்து அது வந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் காரணம் ஒன்று. பார்க்கிறவனுக்குப் போர் விளங்க வேண்டும் என்றால் அதை ஒழுங்குபடுத்த வேண்டும். அதை ஒழுங்குபடுத்தும் கைதான் இசை.

'களரி' என்ற சொல்லையும் கவனியுங்கள். நமக்குக் களரி என்றால் கூத்தாடும் இடம். கேரளத்தில் களரி என்றால் ஆயுதம் பழகும் இடம். ஆடும் இடத்துக்கும் அடிபடும் இடத்துக்கும் ஒரே பெயர். எங்கள் வகுப்புத் தம்பி சொன்னதை அந்தச் சொல் முன்னமே சொல்லி வைத்திருக்கிறது.

1960களில் தெல்லிப்பழைக்காரரான பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். இரவு முழுக்க ஆடுவதைச் சுருக்கி, நகர மக்கள் இருந்து பார்க்கக்கூடிய அளவுக்கு அமைத்தார். 1962இல் அவர் மேடையேற்றியதன் பெயரே 'கர்ணன் போர்'. பிறகு வந்த 'இராவணேசன்' கூத்தில் மௌனகுரு இராவணனாக ஆடியதைக் கண்டவர்கள் இன்றும் பேசுகிறார்கள். படித்தவர்கள் நாட்டுப்புறத்தான் விளையாட்டு என்று ஒதுக்கிய ஒன்றை, ஒரு ஆசிரியர் குந்தியிருந்து கேட்டதால் அது பிழைத்தது. பிள்ளைகளின் கேமை ஒதுக்க முன் நாங்களும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

இனி அந்தத் தம்பி சொன்ன சூரன் போர்.

யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் 'கந்தபுராண கலாசாரம்' என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை சொன்னார். அந்தப் புராணத்தின் உச்சம் ஐப்பசியில் கந்தசட்டியின் ஆறாம் நாள் வீதியில் நடக்கிறது. நாங்கள் வேறு மார்க்கத்தவர்கள். ஆனாலும் சோனகதெருவில் வளர்ந்த எங்கள் வாப்பா காலத்துப் பிள்ளைகள் வீதி ஓரத்தில் நின்று சூரன் போர் பார்த்தவர்கள்தான். இளைஞர்கள் சூரனைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடுவார்கள். முருகன் அசையாமல் நிற்பார். ஆனைமுகம் விழும். சிங்கமுகம் விழும். சூரனின் சொந்த முகம் வரும். பிறகு மாமரம். கடைசியில் சேவலும் மயிலும். ஒவ்வொரு தலை மாறும்போதும் தவிலும் பறையும் சங்கும் சேமக்கலமும் ஒரு மூச்சு அடங்கி மறுபடி எழும். கூட்டத்தின் பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மேளம் மாறியதும் "தலை மாத்துறாங்கள்" என்று துள்ளும்.

கேம்களில் பெரிய எதிரியை 'பொஸ்' என்கிறார்கள். பொஸ் ஒரு அடியில் சாகமாட்டான். ஒரு உருவம் விழுந்தால் இன்னொரு உருவம் எடுப்பான். ஒவ்வொரு உருவத்துக்கும் மெட்டு மாறும். 1997இல் வந்த 'பைனல் பன்டசி 7' கேமின் கடைசிப் போரில் லத்தீன் மொழியில் பாடும் கூட்டுக் குரலே வருகிறது. தம்பி சொன்னது சரி. சூரனைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பொஸ் புதியவன் இல்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. அதை அவனுக்கும் சொன்னோம். கேமில் பொஸ் அழிந்து போவான். சூரன் அழிவதில்லை. சேவலாகிக் கொடியில் ஏறுகிறான், மயிலாகி வாகனம் ஆகிறான். வென்றவர் தோற்றவனைக் கூடவே வைத்திருக்கிறார். அந்த முடிவை எழுதிய கேம் எதுவும் இதுவரை எங்கள் கண்ணில் படவில்லை.

முஸ்லிம்கள் பக்கமும் இந்த வழக்கம் உண்டு. இசை பற்றி எங்கள் மார்க்க அறிஞர்களிடையே பல கருத்துகள் இருக்கின்றன. இங்கே நாங்கள் பேசுவது வரலாறு மட்டும். தமிழ் முஸ்லிம்கள் தமிழுக்குக் கொடுத்த இலக்கிய வகைகளில் ஒன்றின் பெயரே 'படைப்போர்'. 'சக்கூன் படைப்போர்', 'ஐந்து படைப்போர்' என்று நூல்கள். இவற்றை மௌனமாக வாசிப்பதில்லை. வீட்டு முற்றத்தில் ஒருவர் இராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் பொல்லடி, களிகம்பு என்று ஆட்டங்கள் உண்டு. கையில் கம்பு. ஒருவர் கம்போடு மற்றவர் கம்பு தாளத்துக்கு மோதும். பார்த்தால் சண்டை, கேட்டால் பாட்டு. அதைப் பழக்குபவருக்கும் அண்ணாவியார் என்றுதான் பெயர்.

இன்னொன்று. பிள்ளைகளின் கேமில் போர் மெட்டு ஏறும்போது பெரிய முரசும் வெண்கலத் தட்டுகளும் அதிரும். அந்தக் கருவிகள் ஐரோப்பிய இசைக்குழுவுக்குள் வந்த வழி தெரியுமா? உதுமானியத் துருக்கியரின் படையோடு 'மெஹ்தர்' என்ற இசைக்குழு போகும். அதைக் கேட்டுப் பயந்த ஐரோப்பியர் 18ஆம் நூற்றாண்டில் அதே முரசையும் தட்டையும் தங்கள் படை வாத்தியத்தில் சேர்த்தார்கள். மோட்சார்ட் 1782இல் எழுதிய ஒரு இசை நாடகத்தில் அந்தத் துருக்கி ஓசை கேட்கிறது. 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜனிசாரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் கலைந்தது. ஆனால் அதன் ஓசை ஐரோப்பிய இசைக்குழுவில் தங்கி, அங்கிருந்து சினிமாவுக்கும் ஜப்பானியரின் கேமுக்கும் போய், இப்போது சண்டிலிப்பாயில் ஒரு பிள்ளையின் காதில் ஒலிக்கிறது. எதிரியைப் பயமுறுத்த அடித்த முரசு, ஒரு பிள்ளையின் பின்னேரப் பொழுதுபோக்காக முடிந்திருக்கிறது.

இனி நமது பழைய இலக்கணத்துக்கு வருவோம். போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி மெட்டு என்று கேம்காரர் வைத்தது போல, தமிழர் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ வைத்தார்கள். ஆநிரை கவர்ந்தால் வெட்சி. படையெடுத்துப் போனால் வஞ்சி. மதிலை வளைத்தால் உழிஞை. நேருக்கு நேர் மோதினால் தும்பை. வென்றால் வாகை. கேமின் போர் மெட்டு தும்பை, வெற்றி மெட்டு வாகை என்று வகுப்பில் சொன்னபோது, புறத்திணை பாடமாக்கத் தெரியாமல் முழித்த பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் தொல்காப்பியம் வாகையோடு நிற்கவில்லை. அதன்பின் காஞ்சி என்று ஒரு திணையை வைத்தது. காஞ்சி என்றால் நிலையாமை. வெற்றியைச் சொன்ன கையோடு, எதுவும் நிலைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்கள்.

இந்தக் காஞ்சி கேம்களில் இருக்கிறதா? இருக்கிறது. எங்களை உலுக்கியதும் அதுதான்.

'பைனல் பன்டசி 7' கேமில் ஏரித் என்று பூ விற்கும் பெண் வருகிறாள். கதையின் நடுவில் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். அடுத்த கணமே ஒரு பெரிய எதிரியோடு போர். வழமைப்படி அங்கே போர் மெட்டு தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கென்று உவெமட்சு போட்ட மென்மையான மெட்டே போர் முழுக்க ஒலித்துக்கொண்டிருக்கிறது. கை அடிக்கிறது, காது அழுகிறது. அந்தப் போரில் வென்றாலும் வென்ற உணர்வு வராது.

நமது பக்கத்து மக்களுக்கு இது விளங்கும். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து எத்தனையோ நாடகம் ஆடினார். யாழ்ப்பாணம் விடிய விடிய இருந்து, திரும்பத் திரும்பக் கேட்டது 'மயான காண்டம்'. வாள் வீசும் காட்சி அல்ல, சுடலையில் நின்று அழும் அரிச்சந்திரன். வீரத்தை விடத் துயரத்தை இசையோடு கேட்கத் தெரிந்த ஊர் இது.

புறநானூற்றில் ஒரு சம்பவம் உண்டு. அந்தக் காலத்தில் அரசனின் முரசு புனிதமானது. அதற்குத் தனிக் கட்டில், நீராட்டு, பூ. மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில் அது முரசு கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அதற்குத் தண்டனை வாள். பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்தான். வாளை ஓங்கவில்லை. விசிறி எடுத்துப் புலவருக்கு வீசினான். போர் முரசு இருக்க வேண்டிய இடத்தில் பாட்டுக்காரன் தூங்குகிறான், அரசன் விசிறுகிறான். போரும் இசையும் பற்றி நாங்கள் அறிந்த கதைகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இது.

கூத்துக்கும் கேமுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் கேமுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைப்பீர்கள்.

கூத்தில் அண்ணாவியார் ஆடுபவனைப் பார்த்துக்கொண்டே மத்தளம் அடிக்கிறார். அவனுக்கு மூச்சு வாங்கினால் தாளத்தைத் தணிப்பார். கேமில் அந்த வேலையை நிரல் செய்கிறது. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' கேமில் எதிரி நம்மைக் கண்டவுடன் மெட்டு மாறிவிடும். நம் கண்ணுக்கு அவன் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். கெட்டித்தனம்தான். ஆனால் நிரலுக்குப் பிள்ளையின் களைப்புத் தெரியாது. அண்ணாவியார் விடிந்ததும் மங்களம் பாடி முடித்துவிடுவார். கேமுக்கு மங்களம் இல்லை. நடுச்சாமத்தில் கோப்பி குடித்துவிட்டு ஊரோடு சேர்ந்து விழித்திருப்பது வேறு, அறைக்குள் தனியே ஹெட்போனோடு விழித்திருப்பது வேறு. பெற்றோரின் கவலை இந்த இடத்தில் நியாயமானது. மங்களம் பாட வேண்டியது வீட்டில் உள்ள நாம்தான்.

இப்போது இந்தப் பதிவை எழுதவைத்த விடயத்துக்கு வருகிறோம்.

சூரன், தும்பை, வாகை எல்லாம் பேசி முடித்த பாடவேளையின் கடைசியில் அதே தம்பி கேட்டான். "சேர், அப்ப உண்மையான சண்டை நடக்கேக்க என்ன பாட்டுக் கேட்டது?"

அவன் 2009க்குப் பிறகு பிறந்தவன். பகிடிக்குக் கேட்கவில்லை. எல்லாப் போருக்கும் ஒரு பாட்டு இருக்கும் என்று இவ்வளவு நேரமும் நாங்கள்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னோம்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி புலிகள் சொன்னார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். நாங்கள் அப்போது பிள்ளைகள். எங்கள் உம்மா ஒரு பையோடு வெளியே வந்தா. என்ன கேட்டது என்று நினைத்துப் பார்த்தால், ஒலிபெருக்கியில் அறிவித்தல், செருப்புச் சத்தம், சின்னப் பிள்ளைகளின் அழுகை. பாட்டு எதுவும் இல்லை. அதன்பின் சோனகதெருவில் பல வருடங்கள் பாங்குச் சத்தம் கேட்கவில்லை. நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம்.

1995 ஒக்டோபர் 30. அதே திகதி, ஐந்து வருடம் கழித்து. இந்த முறை நீங்கள். வலிகாமம் முழுவதும் எழும்பியது. சண்டிலிப்பாயிலிருந்து எத்தனை குடும்பங்கள் சைக்கிளிலும் நடந்தும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போயின என்று உங்களுக்குத்தான் தெரியும். கல்வளைப் பிள்ளையாரிலும் சீரணி அம்மனிலும் மணி அடிக்க ஊரில் ஆட்கள் இல்லை. அளவெட்டியில் பத்மநாதனின் நாதஸ்வரம் கேட்ட வீதியும் வெறிச்சோடியது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டது ஷெல் வரும் கூவலும், பொம்பரின் இரைச்சலும், பிறகு ஒரு அமைதியும். அங்கேயும் பாட்டு இல்லை.

இரண்டும் ஐப்பசி மாதம். சூரன் போர் நடக்கும் மாதம்.

"ஒரு பாட்டும் கேட்கவில்லை தம்பி" என்று சொன்னோம். "கூத்தில் மத்தளம் நின்றால் போர் நின்றுவிடும். செத்தவன் எழும்பித் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் கோப்பி குடிப்பான். கேமில் ஹெட்போனைக் கழற்றினால் போர் முடிந்தது. உண்மையான போரை நிறுத்த ஒரு மத்தளமும் இல்லை. அது எப்போது தொடங்குகிறது என்று காது முன்கூட்டிச் சொல்வதில்லை. முடிந்ததும் வெற்றி மெட்டு வருவதில்லை. முடிந்ததா என்றே தெரிவதில்லை."

வகுப்பு அமைதியாக இருந்தது. அப்போது இன்னொரு பிள்ளை, மெதுவான குரலில், 'அன்டர்டேல்' என்று ஒரு கேம் இருக்கிறது என்று சொன்னாள். 2015இல் டோபி பொக்ஸ் என்பவர் செய்தது. கேமையும் இசையையும் அவரே செய்தார். அதில் எதிரியைக் கொல்லாமல் இரங்கி விட்டுவிடலாம். ஒருவரையும் கொல்லாமல் கதையை முடிக்கலாம். ஆனால் எல்லோரையும் தேடித் தேடிக் கொன்றால், ஒரு கட்டத்தில் அந்த ஊரில் யாரும் மிஞ்சமாட்டார்கள். அதன்பின் அங்கே வழமையான போர் மெட்டு வராது. ஊரின் மெட்டு மிக மெதுவாகி, இழுபட்டு, அடையாளம் தெரியாமல் போகும். வெறும் வீடுகள். வெறும் கடைகள்.

அன்றிரவு அதைக் கேட்டோம். ஆளில்லாத ஊருக்கு அந்த மனிதர் போட்ட மெட்டு அது. 2009க்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்து சோனகதெருவில் கூரை இல்லாத வீடுகளுக்கு முன்னால் நின்றபோது கேட்டது ஏறக்குறைய அந்த அமைதிதான். அந்தக் கேமைச் செய்தவர் நம்மை அறியாதவர். ஆனால் ஊரை வெறுமையாக்கியவனுக்குப் பாட்டு இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உறவுகளே, நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

பிள்ளை போர்க் கேம் விளையாடுகிறான் என்பதற்காக அவன் போரை விரும்புகிறான் என்று முடிவு கட்டாதீர்கள். நம் பாட்டன் கர்ணன் போர் பார்த்தான், சூரன் போர் பார்த்தான், படைப்போர் படிக்கக் கேட்டான். அதனால் அவன் கொலைகாரன் ஆகவில்லை. இசையோடு வரும் போர் விளையாட்டு என்று அவனுக்குத் தெரியும். ஏனென்றால் பக்கத்தில் இருந்த பெரியவர்கள் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று ஹெட்போனுக்குள் அந்தப் பெரியவர் இல்லை. அவ்வளவுதான் குறை.

எனவே ஒரு வேண்டுகோள். போனைப் பறிக்க முன் ஒருநாள் பக்கத்தில் இருந்து ஒரு காதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இது எந்தக் கட்டம், ஏன் மெட்டு மாறியது என்று கேளுங்கள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு அதே சண்டையை விளையாடச் சொல்லுங்கள். அது எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று அவனே சொல்வான். அப்போது நீங்கள் 1995 பற்றிச் சொல்லுங்கள். என்ன கண்டீர்கள் என்பதை விட என்ன கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். பாலத்தில் என்ன கேட்டது, திரும்பி வந்த முதல் நாள் ஊரில் என்ன கேட்டது, முதல் மணி எப்போது அடித்தது. எங்கள் வீட்டில் நாங்களும் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். முதல் பாங்கு கேட்ட நாளை உம்மா சொல்லும்போது எங்கள் பிள்ளைகள் கேமை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

இன்னொன்று. உங்களில் யார் வீட்டிலாவது பழைய மத்தளம், சல்லரி, கூத்துக் கொப்பி இருந்தால், அல்லது தாளக்கட்டுச் சொல்லத் தெரிந்த ஐயா, அப்பு யாராவது இருந்தால் தெரியப்படுத்துங்கள். வரும் ஐப்பசிக்கு முன் ஒரு பின்னேரம் வகுப்புக்குக் கூட்டி வர ஆசை. அந்தத் தம்பி தன் போனைக் கொண்டுவந்து ஒரு போர் மெட்டைப் போட்டுக் காட்டுவதாகவும், அதற்கு அப்பு மத்தளத்தில் பதில் அடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறான். நாங்கள் சம்மதித்துவிட்டோம்.

பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்.